இங்கே ஆனி என்றால் குளிர்காலம்

1

எழுதத் தெரியாதவள் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தென்காசியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியது மளிகைச் சாமான் பட்டியல் மட்டும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. மெல்போர்னுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகியும் பேருந்தில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால் சத்தம் கொடுக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் உங்கள் மலரில் இடத்தை அடைக்கிறேன்.

என் அண்ணன் கேட்டதால்தான் எழுதுகிறேன். அவரை உங்களுக்குத் தெரியும். காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, குத்துக்கல்வலசையில் வீடு கட்டி, மூலிகையும் பத்தியமும் காலத்துக்கேற்ற குளியலுமாக வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர். குழு தொடங்கி ஐந்து வருஷம் ஆகிறது, ஆண்டு மலர் போடுகிறோம், வெளிநாட்டில் பருவத்தோடு ஒத்து வாழ்வது எப்படி இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுது என்றார். “நல்லதா நாலு வார்த்தை எழுதுட்டி, போதும்” என்றார்.

நல்லதாக நாலு வார்த்தை என்னிடம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. நேரில் அண்ணனை ‘நீ’ என்றுதான் பேசுவேன். அச்சில் வருவதால் ‘அவர்’ என்று எழுதுகிறேன். மரியாதை அந்த அளவுக்கு இன்னும் இருக்கிறது.

இன்று வைகாசி கடைசி நாள். நாளை ஆனி பிறக்கிறது. நாளை விடிவதற்குள் இதை எழுதி அனுப்பியாக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2

நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் ரொட்டி சுடும் ஆலையில் இருக்கிறார். மாவுத் தூசியில் நின்று நின்று அவருக்கு நெஞ்சு இளைப்பு வந்துவிட்டது. உறிஞ்சுகிற மருந்து எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். எங்களுக்கு ஒரே மகள். தென்காசி அம்மன் பெயர்தான், உலகம்மாள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் வாயில் நுழையவில்லை என்று உலா ஆகிவிட்டாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் முன்பெல்லாம் இரண்டு வரி இருக்கும். இப்போது ஒரு சொல்.

அண்ணனின் அட்டவணை எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. எந்த மாதம் என்ன கீரை, என்ன கஷாயம், எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், வெந்நீரா பச்சைத் தண்ணீரா, எல்லாம் அதில் உண்டு. அதன்படி நடந்தோமா என்பதைத் தினமும் காலையில் குழுவில் தெரிவிக்க வேண்டும். ‘ஆச்சு’ என்று போட்டால் ஆஜர். போடாதவர்கள் பெயரைச் சாயங்காலம் அண்ணன் ஒரு பட்டியலாகப் போடுவார். முப்பது வருஷம் பரேடில் நின்றவர் அல்லவா, அது போகாது. இங்கே இந்தியாவுக்கு நாலரை மணி நேரம் முன்னாலேயே விடிந்துவிடும் என்பதால் நாங்கள்தான் முதலில் ‘ஆச்சு’ போடுவோம். “ஆஸ்திரேலியா முதல் ஆஜர், இங்கன இருக்கவங்க இன்னும் போர்வைக்குள்ள கெடக்கிய” என்று அண்ணன் மற்றவர்களைக் குத்திக்காட்டுவார். எனக்குப் பெருமையாக இருக்கும். வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்த இடம் அது ஒன்றுதான்.

அட்டவணையை அண்ணன் ஏதோ புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை, அதையும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் ஆனியும் ஆடியும் முதுவேனில், கடும் வெயில் காலம். தென்காசியில் அது சாரல் காலம். சென்னை உறுப்பினர் ஒருவர் இது தப்பு என்று சொன்னபோது, “ஒங்க ஊருக்கு வெயிலு, எங்க ஊருக்குச் சாரலு, புத்தகமா வந்து நனையப் போகுது?” என்று அண்ணன் பதில் போட்டார். சென்னைக்காரர்களுக்குத் தனி அட்டவணையும் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அவரை நினைத்து நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். ஊருக்கு ஊர் காலம் மாறும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தவர் செய்ததால்தான் எனக்கு ஆறவில்லை.

3

படிக்கிறவர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே எல்லாம் தலைகீழ். உங்களுக்கு மார்கழிப் பனி என்றால் எங்களுக்கு உச்சி வெயில். உங்களுக்குச் சித்திரை வெயில் என்றால் எங்களுக்கு இலை கொட்டுகிற காலம். உங்கள் ஆனியும் ஆடியும் எங்களுக்கு நடுக்குளிர்காலம்.

இது தெரிந்தும் நாங்கள் அட்டவணைப்படி நடந்தோம். போன வருஷ ஆனிக்கு முந்தின மார்கழியில் வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. அட்டவணையில் கொள்ளு ரசம், சுக்கு, மிளகு, திப்பிலி என்று இருந்தது. மூன்று வாரம் குடித்தோம். வாயெல்லாம் புண். ஒன்றுக்குப் போனால் எரிச்சல். வேலை செய்யும் இடத்தில் அங்குள்ள நர்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டாள். உடம்பு சூடு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல? தெரிந்த மாதிரி சொன்னேன். அவள் காய்ச்சல் என்று புரிந்துகொண்டு வெப்பமானியை வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லையே என்று என்னையே பார்த்தாள். தொற்று நோயாக இருக்கலாம் என்று இரண்டு நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விடுப்பு எடுக்க ஒரு படிவம், திரும்பச் சேர ஒரு படிவம். எல்லாம் ரசம் குடித்ததற்காக.

அண்ணனிடம் சொன்னேன். “கழிவு வெளிய வருது, விட்டுராத” என்றார்.

விடவில்லை. எங்களைத் திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்து நடந்தவர்கள் நாங்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இப்படி ஒரு புத்தி உண்டு. மாதத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டால் ஊரையே பிடித்துக்கொண்ட மாதிரி. மார்கழியில் வியர்த்து ஊற்றும், ஆனாலும் மார்கழி மார்கழிதான் என்போம்.

4

போன வருஷம் ஆனி ஒன்றாம் தேதி அருவிக் குளியல் மண்டலம் தொடங்கியது. குற்றால அருவிக்குப் போக முடியாத வெளியூர்க்காரர்களுக்கு அண்ணன் ஒரு வழி சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலமே வாளியில் தண்ணீர் பிடித்து வெட்டவெளியில் வைக்க வேண்டும். சூரியன் வருமுன் அதை மொண்டு உச்சந்தலையில் பன்னிரண்டு செம்பு ஊற்ற வேண்டும். நாற்பத்தெட்டு நாள். நெஞ்சுச் சளி அடியோடு போகும் என்று இருந்தது. என் வீட்டுக்காரர் அந்த ஒரு வரிக்காகத்தான் சேர்ந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் பின்வாசலுக்குப் போனோம். வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய ஏடு கட்டியிருந்தது. ஐஸ். அவர் செம்பால் தட்டி அதை உடைத்துவிட்டுத் தண்ணீரை மொண்டார். உடைகிற சத்தம் எனக்கும் கேட்டது. அப்போதும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அவர் மூன்றாவது செம்பு ஊற்றும்போதே, நேரமாகிவிட்டது என்று நான் அவர் பெயரில் ‘ஆச்சு’ போட்டுவிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலமாக இருந்தது.

ஆம்புலன்ஸை உலாதான் கூப்பிட்டாள். எனக்கு வீட்டு முகவரி கூட ஆங்கிலத்தில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். மூலிகையோ நாட்டு மருந்தோ எடுக்கிறாரா என்று அதில் ஒரு கேள்வி. ஒரு முறை ஊருக்குப் போய்த் திரும்பியபோது விமான நிலையத்தில் இதே மாதிரி ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று கோடு போட்டு, ஒரு பொட்டலம் திப்பிலியை எடுத்துக் காட்டி, அவர்கள் குப்பையில் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். பொட்டலத்துக்கு உண்மை சொன்னவள், புருஷன் உயிருக்கு ‘இல்லை’ என்று கோடு போட்டேன். வெட்கம். என்னைப் பட்டிக்காட்டாள் என்று நினைத்துவிடுவார்களே என்கிற வெட்கம்.

உலா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி அடித்துத் திருத்தினாள். கஷாயம், பச்சைத் தண்ணீர், வெட்டவெளி, ஒன்பது நாள் என்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தமிழில் பேசினாள்.

“அம்மா, குத்தாலத்துல சீசன்னா இங்கயும் சீசனா? உனக்குக் கண்ணு இல்லையா?”

5

அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது, “மாப்பிள்ளை தயிர் சாப்பிட்டாரா?”

இரண்டு நாளைக்கு முன்னால் ஒரு கரண்டி சாப்பிட்டிருந்தார். சொன்னேன்.

“அதான் பாத்தேன். பத்தியம் தவறியிருக்கு. மருந்து மேல பழி போடாத.”

என் வீட்டுக்காரர் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்றாம் நாள், அவர் மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குழுவைத் திறந்து பார்த்தேன். மெல்போர்ன் உறுப்பினர் ஒருவருக்கு ஒன்பதாம் நாளிலேயே பல வருஷத்து நெஞ்சுச் சளி கழன்று வந்துவிட்டது, எல்லாம் அருவிக் குளியலின் மகிமை என்று அண்ணன் எழுதியிருந்தார். அதன் கீழே கை கூப்புகிற படங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. படத்தைப் போட்டவர்களில் நீங்களும் இருக்கலாம். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உங்களுக்கு யார் சொன்னார்கள்?

அப்போதே நான் உண்மையைப் போட்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர்தான் வேண்டாம் என்றார். “விடு. மச்சான் பேரு கெட்டுரும். ஊர்ல சிரிப்பாங்க” என்றார். ஒரு வார்த்தைக்கு இரண்டு முறை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். நானும் விட்டுவிட்டேன். சும்மா இருப்பது எனக்குப் பழக்கமான வேலை.

ஒரு விஷயத்தை மட்டும் அண்ணனுக்கு ஞாபகப்படுத்துகிறேன். எங்கள் அம்மாவுக்கும் இதே இளைப்பு. குற்றாலத்துக்கு நாலு மைல் தள்ளி இருந்துகொண்டு, சாரல் காலத்தில் அம்மா ஒரு நாளும் அருவிக்குப் போனதில்லை. வாசலில் கூட நிற்க மாட்டாள். தலைக்குத் துணி கட்டிக்கொண்டு அடுப்படியில் இருப்பாள், தூதுவளை ரசம் குடிப்பாள், வெந்நீரில்தான் குளிப்பாள். அந்த வெந்நீரைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தது யார்? இதே அண்ணன்தான். அவருக்கு அன்றைக்கு எந்த அட்டவணையும் தேவைப்படவில்லை. அம்மாவின் மூச்சைக் கேட்டார், வெந்நீர் போட்டார்.

அருவிக்குப் போகிறவர்களும் தேதி பார்த்துப் போனதில்லை. தென்காசியில் இன்றைக்கும் என்ன கேட்கிறார்கள்? “தண்ணி விழுதா?” கேரளா பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவரிடம், புளியறையில் மேகம் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். காற்று வந்ததா, மலை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஆனி பிறந்தும் சாரல் விழாத வருஷம் உண்டு. அந்த வருஷம் ஆனிக்காக யாரும் காய்ந்த பாறையில் போய்த் தலையைக் கொடுத்ததில்லை. காலத்தோடு ஒத்துப்போவது என்றால் அதுதான். கேட்டு, பார்த்து, பிறகு நனைவது.

இதில் எனக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. உலா வீட்டிலிருந்த சுக்கு, மிளகுப் பொடி, அதிமதுரம் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக் குப்பையில் போட்டாள். பின்வாசலில் நான் தொட்டியில் வளர்த்த தூதுவளையையும் பிடுங்கினாள். இப்போது சளி பிடித்தால் மிளகு ரசம் கூடத் தொடுவதில்லை. அது தப்பு என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? எந்த முகத்தோடு சொல்வேன்? சுக்கு அவளை என்ன செய்தது? நல்லதையும் சேர்த்து அவள் வீசும்படி செய்தது அந்தத் தாள்தான்.

6

ரஹ்மத் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையநல்லூர்க்காரர். அவர் கணவர் வெகு காலம் வளைகுடாவில் இருந்தார், இப்போது உயிரோடு இல்லை. அக்கா மகனோடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அறுபது வயது தாண்டியவர், இதயத்தில் அடைப்பு எடுத்தவர். இந்த ஊரில் நான் வாய்விட்டுப் பேசுகிற ஒரே ஆள். அவரை அண்ணனின் குழுவில் சேர்த்துவிட்டதும் நான்தான். முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷச் செய்தியைப் படித்துவிட்டு, சளி கழன்ற மெல்போர்ன்காரர் யார் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் ஒரு புது வாளி, சிவப்பு நிறம், ஒட்டியிருந்த சீட்டைக் கூடக் கிழிக்கவில்லை. ஆனி ஒன்றாம் தேதி தானும் ஆஜர் என்றார். மகன் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பான், அதற்குள் முடித்துவிடுவேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

வேண்டாம் அக்கா என்றேன்.

“நீதானேட்டி என்னயச் சேத்துவிட்டே? இப்ப நீயே வேண்டாங்கியே” என்றார். “போலீஸ்கார மனுசன், தப்பாவா சொல்லுவாரு? அந்த மெல்போர்ன் ஆளுக்குக் குணமாயிருக்குல்லா?”

அந்த ஆள் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்படியும் ஒரு மனுஷியா என்று என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் இரண்டு தெருவை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை.

7

இன்று மத்தியானம் வேலையிலிருந்து வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் அட்டவணையை மாற்றிப் போடும்படி கேட்டேன். சென்னைக்கு மாற்றியதைச் சொன்னேன். அது வேறு, இது வேறு என்றார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று ஆரம்பித்தால் பரேடு எப்படி நடக்கும் என்று கேட்டார். நான் ஐம்பத்தோரு வயதில் முதல் முறையாக அவரிடம் சத்தம் போட்டேன்.

“அண்ணே, நீ ஒவ்வொரு தடவையும் குளிக்கப் போறதுக்கு முன்ன தண்ணி விழுதான்னு ஊரெல்லாம் கேக்குத. அங்கன என்ன காலம்னு எங்ககிட்ட ஒரு தடவையாவது கேட்டியா?”

ஸ்டேஷனுக்கு வருகிறவர்களிடம் அந்தக் காலத்தில் சொன்ன அதே குரலில், “மலருக்குத்தான் எழுதுதியே, அதுலயே எழுதிக் குடு. பாப்போம்” என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மெல்போர்ன் உறுப்பினர் என் வீட்டுக்காரர். அவருக்குச் சளி கழலவில்லை, மூச்சு நின்றது. தயிரால் அல்ல. இதைச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தவரும் அவர்தான். ரஹ்மத் அக்காவின் வாளியைப் பற்றிச் சொன்னதும், சரி, எழுது என்றார். ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தக் குழுவில் இருக்கிறவர்கள் நாளை காலையில் தயவுசெய்து கதவைத் திறந்து வெளியே பாருங்கள். குளிர்ந்தால் வெந்நீரில் குளியுங்கள். சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாக்டர் கேட்டால் என்ன கஷாயம் குடிக்கிறோம் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். மூலிகை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தூதுவளை எனக்கு இன்னும் வேண்டும்.

இதை மலரில் போடுவதும் போடாததும் அண்ணன் இஷ்டம். அவருக்கு இதை அனுப்புகிற போதே குழுவிலும் போடப் போகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள்

ஆனி ஒன்று. காலை ஐந்தரைக்கு எழுந்து போனைப் பார்த்தேன். அண்ணன் இதைப் படித்துவிட்டதற்கு நீலக் குறி விழுந்திருந்தது. குழுவில் நான் போட்டது நீக்கப்பட்டிருந்தது. ஆனி அட்டவணை போன வருஷம் இருந்தபடியே வந்திருந்தது. வெளியே மூன்று டிகிரி. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரஹ்மத் அக்கா வீட்டுக்கு நடந்தேன். பின்பக்கம் போய்ச் சிவப்பு வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கதவைத் தட்டினேன். போன வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தது யார் என்று சொன்னேன். அக்கா என்னைத் திட்டினார், பிறகு டீ போட்டார், பிறகு வெந்நீரில் குளித்தார். நான் வேலைக்குப் போனேன். சாயங்காலம் குழுவில் எங்கள் இருவர் பெயருக்கும் நேரே ‘ஆஜர் இல்லை’ என்று போட்டிருந்தது.